கொடியேற்றத்தன்று போட்ட குலவை

போன ஆவணியில் திருநகரில் ஒரு சடங்கு. என் சித்தப்பாவின் பேத்தி ஆளானதற்கு மண்டபம் பிடித்துப் பெரிதாகவே செய்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகள் வாசலில் வந்து நின்றதும் போட்டோக்காரர் கையைக் காட்டினார். மேடையோரம் நின்ற பையன் செல்போனைத் தட்டினான். ஸ்பீக்கரிலிருந்து குலவைச் சத்தம் வந்தது. யாரோ எங்கேயோ எப்போதோ போட்ட குலவை. பட்டுப்புடவை கட்டியிருந்த பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, வாயோரம் கையை வைத்து நானே போட்டேன்.

நன்றாக வரவில்லை. நடுவில் உடைந்து, கடைசியில் இருமலாக முடிந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கச்சி முறைக்காரி ஒருத்தி என் முழங்கையைப் பிடித்து, வீடியோவில் எல்லாம் விழுகிறது அக்கா என்று காதில் சொன்னாள். விழட்டும் என்று இன்னொரு தடவையும் போட்டேன். அதுவும் உடைந்தது. இனி யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் போய்ப் போடத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் எனக்குப் பத்திரிகை வைக்காமல் இருந்துகொள்ளட்டும்.

என் நாக்கு பிறவியிலேயே இப்படி இல்லை. ஆறாம் வகுப்பில் நான் போட்ட ஒரு குலவையில் ஒரு பள்ளிக்கூடமே ஆடிப் போயிருக்கிறது. அதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். கால்வாய்த் தண்ணீர் பாயும் நெல்பூமி. நிலம் எதுவும் எங்களுக்குச் சொந்தமில்லை. அதில் இறங்கி நட்டதும் அறுத்ததும் எங்கள் தெரு. அம்மா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நடவுக்குப் போனவள். முதல் நாற்றை ஊன்றும்போது குலவையை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஒருத்தி எடுத்தால் காதில் விழுந்த பெண்கள் எல்லாரும் அதை வாங்கிப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடுப்படியில் இருந்தாலும் சரி, ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் சரி, ஒரு குலவையைத் தனியாக விட்டுவிடக் கூடாது. முளைப்பாரிக்குப் போடுவோம், பிள்ளைக்குக் காது குத்தினால் போடுவோம். அம்மனிடம் பூக்கேட்கும்போது போடுவது இன்னும் விசேஷம். சாமி தலையில் பூவை வைத்துவிட்டு, திருவிழா நடத்தலாமா என்று கேட்டு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பூ கீழே விழுந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். விழுந்த அந்த நொடியில் எழும் குலவையில் கோயில் புறாவெல்லாம் பறந்து போகும். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பேச்சு எப்படி வந்ததோ அப்படித்தான் இதுவும் வந்தது.

எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர் அப்பா. மதுரைத் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். அங்கேயே வாடகைக்கு ஒரு மாடி வீட்டைப் பிடித்து எங்களைக் கூட்டிப் போனார். அதிகாரிகளின் பெண்கள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். ஊர்ப் பள்ளிக்கூடமே போதும் என்று நான் அழுதேன். பஸ்ஸில் அவர் கையைக் கடித்தேன். அவர் கடித்த இடத்தைத் தடவிக்கொண்டே, பெரிய ஸ்கூலுத்தா, பெரிய ஸ்கூலு என்று மதுரை வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவை நான் கெட்டவர் என்று சொல்லவே மாட்டேன். அவ்வளவு ஆசையோடு ஒரு மனிதர் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனதை நான் அப்புறம் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியில் பாடம் நடத்துவதைவிடத் திருத்துவது அதிகம். வாரேன் என்று சொன்னால் முட்டி போட வேண்டும். அம்புட்டு என்றால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். கோரிப்பாளையத்திலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளைகள் வீட்டில் அத்தா என்று கூப்பிடுவதை இங்கே அப்பா என்று மாற்றிக்கொண்டார்கள். பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர்கள் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். திருவிழாவுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தால், தலைமையாசிரியை அந்த மஞ்சள் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி மேசை இழுப்பறைக்குள் போடுவார். அவரை நாங்கள் பெரிய மிஸ் என்று சொல்வோம். திருவிழா முடிகிறவரை காப்பை அவிழ்க்கக் கூடாது என்பதைப் பெரிய மிஸ்ஸிடம் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வந்ததில்லை. எங்களை மனுஷியாக்கிவிட வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட நேர்த்திக்கடன். அதற்கு நாங்கள்தான் ஆடு.

அந்த வருஷத்துச் சுதந்திர தினத்துக்கு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கொடியேற்ற வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, மடக்கிக் கட்டிய இரட்டைச் சடை என்று ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். கொடிக்குள் ரோஜா இதழும் செவ்வந்தி இதழும் வைத்துச் சுருட்டி மேலே ஏற்றியாகிவிட்டது. அதிகாரி கயிற்றை இழுத்தார். முடிச்சு அவிழவில்லை. மறுபடி இழுத்தார். விளையாட்டு டீச்சர் ஓடி வந்து அவரும் சேர்ந்து இழுத்தார். மேலே அந்தப் பொட்டலம் அப்படியும் இப்படியும் ஆடியதே தவிர விரியவில்லை. பெரிய மிஸ்ஸின் முகம் வெளுத்துப் போனது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம். எனக்கு அந்த மாதிரி நிற்பது புதிதில்லை. ஆத்தா, பூவக் குடுத்துரு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

சட்டென்று முடிச்சு அவிழ்ந்தது. கொடி விரிந்து, பூவெல்லாம் அதிகாரியின் வழுக்கைத் தலையில் பொலபொலவென்று கொட்டியது. என் கை தானாக வாய்க்குப் போனது. போட்டுவிட்டேன்.

தேசிய கீதம் பாட வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி நின்றார்கள். நான் தனியாக இருந்தது ஒரு மூச்சு நேரம்தான். எனக்கு இரண்டு வரிசை தள்ளி நின்ற உசிலம்பட்டிக்காரி அதை வாங்கினாள். அவளிடமிருந்து விடுதிப் பிள்ளைகள் வாங்கினார்கள். சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த அக்காமார்கள் வாங்கினார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த கொய்யாப்பழக்காரிகள், உள்ளே என்ன விசேஷம் என்றுகூடத் தெரியாமல், அவர்களும் வாங்கினார்கள். மைதானத்தைச் சுற்றி அது ஒரு வட்டம் வந்து அடங்கியது. என் உடம்பெல்லாம் புல்லரித்து நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடம் என்னுடையது என்று தோன்றிய நாள் அது ஒன்றுதான்.

அதிகாரிக்கு ஏக சந்தோஷம். இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டார். பேசும்போது நம் பண்பாட்டைப் பிள்ளைகளுக்கு இப்படி ஊட்டி வளர்க்கிறார்களே என்று பெரிய மிஸ்ஸை வெகுவாகப் பாராட்டினார். பெரிய மிஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதிகாரியின் கார் கேட்டைத் தாண்டுகிறவரை அந்தச் சிரிப்பு இருந்தது.

கேட்டை மூடியதும் பெரிய மிஸ் மைக்கைப் பிடித்தார். "இது ஸ்கூலா, முளைப்பாரித் திடலா? யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டார். இவ்வளவு செலவு செய்து எங்களை மாற்றப் பார்த்தால் காட்டுச் சத்தம் போட்டு மானத்தை வாங்குகிறோமே என்றார். ஆரம்பித்தது யார், கூடச் சேர்ந்தது யார் என்று திங்கட்கிழமை விசாரிக்கப் போவதாகவும், அகப்படுகிற அத்தனை பேருக்கும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடப் போவதாகவும் சொன்னார். கொடியேற்றத்துக்கு வாங்கிய மிட்டாயையும் நிறுத்தி வைத்துவிட்டார். குலவை போடும்போது கை வாயை மறைத்துக்கொள்ளும் என்பதால் எந்த டீச்சருக்கும் யார் யார் என்று பிடிபடவில்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு டி.சி. என்றால் ஒன்று மில் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம். உசிலம்பட்டிக்காரியின் அக்காவை அப்படித்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் அன்று சாப்பிடவில்லை.

நான் வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, அவள்தான் பழக்கிவிட்டாள் என்பதுபோலப் பேசினார்.

"அந்தச் சத்தத்த விட்டுத் தொலைக்கணும்னுதான ஊர விட்டு வந்தேன். ஆபீஸ்ல நான் எந்தத் தெருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. இவ கொடிக்கம்பத்துக்குக் கீழ நின்னு ஊருக்கே சொல்லிட்டு வந்துருக்கா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பொதுவாக அவள் அப்பாவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள்.

"தெரிஞ்சா தெரியட்டுமே. நம்ம என்ன களவாண்டுட்டா வந்தோம்? அடுத்தவன் வயல்ல நின்னு அவன் வெள்ளாமைக்கு நான் போட்டேன். அப்ப ஒருத்தருக்கும் அது அசிங்கமாத் தெரியல. எம்மக அவ பள்ளிக்கூடத்துக்குப் போட்டா அசிங்கமாக்கும்?"

அப்பாவுக்குப் பயம் இருந்தது. பள்ளியில் எனக்கு அந்த இடத்தை வாங்க அவர் யார் யார் வாசலில் நின்றார் என்பது எனக்குத் தெரியும். நின்ற இடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கெஞ்சுகிற குரலில், எனக்குப் போடவே தெரியாது மிஸ் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு ஆத்தா, அதற்கப்புறம் அப்பா எதுவும் கேட்க மாட்டேன் என்றார். நான்தான் போட்டேன் என்று சொல்லு, டி.சி. கொடுத்தால் வாங்கிக்கொண்டு வா, ஊர்ப் பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிப் போகவில்லை என்று அம்மா சொன்னாள். இரண்டு பேரும் திங்கட்கிழமை வரை ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்பதுகூட என் வழியாகத்தான் நடந்தது.

நான் அம்மா பக்கம்தான் இருந்தேன். டி.சி. என்ற சொல்லே எனக்கு வெல்லமாக இருந்தது. அந்தக் காகிதம் கிடைத்தால் சோழவந்தான் பஸ் ஏறிவிடலாம். திங்கட்கிழமை காலையில் பல் விளக்கும்போதே, நான்தான் மிஸ் போட்டேன் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதுகை நிமிர்த்திச் சொன்னால் நன்றாக இருந்தது.

விசாரணைக்கு விளையாட்டு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கேட்டால் பிள்ளைகள் பொய் சொல்லும், தொண்டை பொய் சொல்லாது என்பது அவர் யோசனை. பள்ளி மண்டபத்தில் ஒவ்வொருத்தியாக மேடை ஏறிக் குலவை போட வேண்டும். யாருக்கு நன்றாக வருகிறதோ அவள்தான் கள்ளி. எங்கள் வாயில் அந்தச் சத்தமே வரக் கூடாது என்று சொன்ன பள்ளிக்கூடம் அன்று காலை முழுக்கக் குலவைப் போட்டி நடத்தியது. இந்த வேடிக்கை அங்கே வேறு யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

முதலில் ஏறியவர்கள் டவுன் பிள்ளைகள். அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. அதனால் ஆசை ஆசையாகப் போட்டார்கள். ஒருத்தி வான்கோழி மாதிரி கத்தினாள். ஒரு வக்கீல் மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சுத் திணறும்வரை ஊளையிட்டாள். டீச்சர்களே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரிய மிஸ் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விடுதிப் பிள்ளைகளின் முறை. உசிலம்பட்டிக்காரி மேடை ஏறினாள். அவள் குலவை எனக்குத் தெரியும். அவள் எடுத்தால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அவள் வாயில் கையை வைத்து, நாக்கை வெளியே நீட்டி, ஆடு செருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். போட்டுவிட்டு ரொம்பவும் பாவமாக, "இதுதான் மிஸ் வருது" என்றாள். மண்டபம் சிரித்தது. இறங்கி வரும்போது அவள் கண் ஒரு நொடி எங்கள் பக்கம் வந்தது. அவ்வளவுதான், எங்களுக்கு விளங்கிவிட்டது. அடுத்து ஏறிய மேலூர்க்காரிக்குக் காற்று மட்டும் வந்தது. அதற்கடுத்தவளுக்கு விக்கல் வந்தது. முளைப்பாரி தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் முன்னால் போகிறவள் ஒருத்தி, குலவை என்றால் என்ன மிஸ் என்று கேட்டாள். வெட்டிப் போட்ட காப்புக் கயிறுகளுக்கெல்லாம் அன்று பழி தீர்க்கிற மாதிரி ஒவ்வொருத்தியும் போய்ப் பெரிய மிஸ்ஸின் முகத்துக்கு நேராக நின்று ஏமாற்றிவிட்டு வந்தாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைப் படியில் கால் வைக்கும்வரை அம்மா சொன்னதுதான் வாயில் இருந்தது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். கீழே அவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி, கூடப் போட்டது யார் என்பது. என் குலவையை வாங்கிப் போட்டவர்களை நான் எப்படிக் காட்டிக் கொடுப்பேன்? அது ஒன்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்த ஏமாற்று வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வாயில் கையை வைத்தேன். வாத்து மாதிரி ஒரு சத்தம் போட்டேன். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டதாக நடித்து, ஸ்ஸ் என்று வாயைப் பிடித்தேன். விளையாட்டு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்.

கடைசிப் பிள்ளை இறங்கியபோது பெரிய மிஸ்ஸின் முகம் மலர்ந்திருந்தது. இத்தனை சந்தோஷமாக அவரை நாங்கள் பார்த்ததில்லை. "நான் அப்பவே நினைச்சேன். நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வராது. தெருவுல இருந்துதான் வந்திருக்கு" என்று டீச்சர்களிடம் சொன்னார். மதில் சுவரை உயர்த்திக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார். நிறுத்தி வைத்திருந்த மிட்டாயை எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார். நாங்கள் குழாயடிக்குப் பின்னால் ஒளிந்து அந்த மிட்டாயைத் தின்றுகொண்டே, ஆளாளுக்கு மேடையில் செய்ததை மறுபடி செய்து காட்டிச் சிரித்தோம். உசிலம்பட்டிக்காரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பள்ளியில் எப்போதெல்லாம் சிரிக்க வேண்டியிருந்ததோ அப்போதெல்லாம் அந்தச் சத்தங்களைத்தான் போட்டுக்கொள்வோம். பத்தாவது முடிகிறவரை அது நடந்தது.

அன்று சாயங்காலம் படியேறும்போதே கத்திக்கொண்டு போனேன். அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒருத்திகூட அகப்படவில்லை, அத்தனை பேரும் ஏமாற்றிவிட்டோம், பெரிய மிஸ் நம்பிவிட்டார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். உடனே கீழே போய் ஒரு தூக்குவாளி நிறையப் பருத்திப்பால் வாங்கி வந்தார். நான் குடித்துக்கொண்டே, வான்கோழி, ஆடு, விக்கல் என்று எல்லாரையும் நடித்துக் காட்டினேன். அப்பா சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவள் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதைப் பற்றியும் பேசவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அத்தன பேருலயும் ஒருத்திகூடப் போடலையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருத்திகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"சரி, அது கெடக்கட்டும். இப்பப் போடு பாப்போம்" என்றாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். கையை வைத்து, நாக்கைச் சுழற்றினேன். நிஜமாகவே போடத்தான் பார்த்தேன்; மேடையில் போட்ட வாத்துச் சத்தம்தான் வந்தது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா என் வாயையே பார்த்தபடி, "இன்னொரு தடவ போடு" என்றாள்.

அவளுக்கும் வேடிக்கை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முன்னைவிடக் கோணலாக ஒன்று போட்டுக் காட்டினேன்.